ஃப்ரம்சாஃப்ட்வேர்: முதலில் எந்த கேமில் சாகலாம்?

அக்கா மகனுக்குக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. செமஸ்டர் தேர்வு முடிந்த மறுநாளே போன் செய்தான். "மாமா, ஃப்ரம்சாஃப்ட்வேர் கேம் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எதுல ஆரம்பிக்கட்டும்?" விடுதி நண்பர்கள் எல்டன் ரிங் என்கிறார்களாம். யூடியூபில் ஒருவர், டார்க் சோல்ஸ் முதல் பாகத்தைத் தொடாதவர்கள் இந்தப் பேச்சுக்கே வரக்கூடாது என்கிறாராம். சேர்த்து வைத்திருக்கும் காசு ஒரு கேமுக்குத்தான் வரும்.

நான் திருப்பிக் கேட்டேன். "கேரம்ல தோத்துட்டா என்னடா பண்ணுவ?"

"இன்னொரு ஆட்டம் போடுவேன்."

"அதே ஆளோடயா, வேற ஆளோடயா?"

கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டான். நான் நிஜமாகவே கேட்டேன். ஃப்ரம்சாஃப்ட்வேர் என்ற இந்த ஜப்பான் நிறுவனத்தின் கேம் எதை வாங்கினாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் செத்துவிடுவோம். யாருக்கும் விலக்கு இல்லை. செத்த பிறகு நம்மை என்ன செய்ய விடுகிறது என்பதில்தான் ஒவ்வொன்றும் வேறுபடுகிறது. ஒன்று, சரி, இப்போதைக்கு வேறு பக்கம் போய்விட்டு வா என்கிறது. ஒன்று, நின்று அந்த இடத்தைப் படி என்கிறது. ஒன்று, அடித்தவனை உடனே திருப்பி அடி, போன ரத்தம் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும் என்கிறது. கிராபிக்ஸ், கதை, வாங்கிய விருதுகள் என்று வரிசைப்படுத்தும் பட்டியல்கள் ஏராளம். ஆனால் எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்ய எனக்கு இந்த ஒரு கேள்வியே போதும்.

ஆபீஸ் மென்பொருளில் தொடங்கியவர்கள்

ஃப்ரம்சாஃப்ட்வேர், 1986 நவம்பரில் நவோதோஷி ஜின் டோக்கியோவில் தொடங்கிய நிறுவனம். முதல் எட்டு ஆண்டுகள் இவர்கள் ஒரு கேம்கூட வெளியிடவில்லை. அலுவலக வேலைகளுக்கான மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1994 டிசம்பரில் சோனியின் முதல் பிளேஸ்டேஷன் ஜப்பானில் கடைக்கு வந்தது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் கிங்ஸ் ஃபீல்ட் என்ற தங்கள் முதல் கேமைக் கொண்டுவந்துவிட்டார்கள். இருட்டான நிலவறை. வாளை ஓங்கினால் அது இறங்கும்வரை காத்திருக்க வேண்டிய மந்தமான சண்டை. எங்கே போவது என்று சொல்ல ஆளில்லை. பின்னால் வந்த எல்லாவற்றின் விதையும் அதில் இருந்தது. அந்த விதையில் ஒன்றை இன்றும் பார்க்கலாம்: கிங்ஸ் ஃபீல்டில் தொடங்கிய நிலவொளி வாள், டார்க் சோல்ஸிலும் பிளட்போர்னிலும் எல்டன் ரிங்கிலும் ஏதோ ஒரு பெயரில் எங்கேயாவது ஒளிந்திருக்கும். குலதெய்வம் மாதிரி, வீடு மாறினாலும் கூடவே வருகிறது.

1997-இல் ஆர்மர்ட் கோர் வந்தது. ராட்சத ரோபோவைக் கை, கால், ஆயுதம் என்று பாகம் பாகமாக நாமே பூட்டி ஓட்டும் கேம். அப்புறம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு, ஜப்பானில் ஒரு சிறு கூட்டம் விரும்பும், வெளியே அதிகம் தெரியாத நிறுவனமாகத்தான் இவர்கள் இருந்தார்கள்.

2004-இல் ஹிதெதகா மியாசாகி வந்து சேர்ந்தார். ஆரக்கிள் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். ஐகோ என்ற கேமை விளையாடிவிட்டு, செய்தால் இந்த வேலைதான் என்று முடிவுசெய்து, ஏறக்குறைய முப்பது வயதில், குறைந்த சம்பளத்துக்குத் துறை மாறினார். அனுபவமில்லாத ஆளை அந்த வயதில் எடுத்துக்கொள்ள முன்வந்த நிறுவனங்களே சொற்பம். ஆர்மர்ட் கோர் பாகங்களில் வேலை செய்துகொண்டிருந்தபோது, நிறுவனத்துக்குள் டீமன்ஸ் சோல்ஸ் என்ற திட்டம் தத்தளித்துக்கொண்டிருப்பது அவர் காதுக்கு வந்தது. எல்லோரும் கைகழுவிவிட்ட திட்டம். அதில் தன் இஷ்டத்துக்கு எதைச் செய்து பார்த்தாலும் கேட்க ஆளிருக்காது என்ற கணக்கில்தான் அதை வாங்கிக்கொண்டேன் என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார்.

2009 பிப்ரவரியில் அது ஜப்பானில் வெளிவந்தது. சோனியின் உயர் பொறுப்பில் இருந்த ஷூஹெய் யோஷிடா, வெளியீட்டுக்கு முன் சுமார் இரண்டு மணி நேரம் ஆடிப் பார்த்தார். தொடக்க இடத்தையே தாண்ட முடியவில்லை. மகா மோசமான கேம் என்று ஒதுக்கிவிட்டார். சோனி அதை மேற்கு நாடுகளில் வெளியிடவில்லை. அமெரிக்காவில் அட்லஸ் நிறுவனம் எடுத்து வெளியிட்டது, கேம்ஸ்பாட் தளம் அதையே அந்த ஆண்டின் சிறந்த கேமாகத் தேர்ந்தெடுத்தது. யோஷிடா தன் தவறைப் பின்னால் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவருக்கே அப்படி என்றால், முதல் மாலையில் கன்ட்ரோலரைக் கட்டிலில் வீசியவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

2014-இல் கடோகாவா குழுமம் நிறுவனத்தை வாங்கியது, மியாசாகி ஃப்ரம்சாஃப்ட்வேரின் தலைவரானார். வேலைக்குச் சேர்ந்து பத்தே ஆண்டில்.

வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை

ஈஸி, நார்மல், ஹார்ட் என்று தேர்ந்தெடுக்கும் வசதி இந்த வரிசையில் எதிலும் கிடையாது. எதிரிகளைக் கொன்று சேர்த்ததை, செத்தால் செத்த இடத்திலேயே விட்டுவிடுவோம். திரும்ப அங்கே போய் எடுக்க வேண்டும். போகிற வழியில் மறுபடி செத்தால் அதுவும் போச்சு. (செகிரோவில் மட்டும் கணக்கு வேறு: கையில் உள்ள பணத்திலும் அனுபவத்திலும் பாதி போய்விடும், திரும்ப எடுக்க வழியில்லை.) ஓய்வெடுத்தால் நமக்கு உயிர் நிரம்பும், கூடவே செத்த எதிரிகளும் எழுந்துவிடுவார்கள்.

இன்னொன்று இருக்கிறது, ஒப்பீட்டுக் கட்டுரைகளில் யாரும் எழுதுவதில்லை: நடுவில் நிறுத்த முடியாது. டார்க் சோல்ஸ், பிளட்போர்ன், எல்டன் ரிங் எதிலும் மெனுவைத் திறந்தால் ஆட்டம் நிற்பதில்லை. நீங்கள் மெனுவில் இருக்கும்போது எலும்புக்கூடு வந்து வெட்டிவிட்டுப் போகும். காலிங் பெல் அடித்தால், குழந்தை அழுதால், சாப்பிடக் கூப்பிட்டால் ஆட்டத்தை விட்டு வெளியேறி முகப்புத் திரைக்குத்தான் போக வேண்டும். திரும்ப வந்தால் பெரும்பாலும் விட்ட இடத்திலேயே நிற்பீர்கள். ஆனால் பாஸோடு, அதாவது ஒரு பகுதியைக் காத்து நிற்கும் பெரிய எதிரியோடு, சண்டை நடுவில் வெளியேறினால், மறுபடி கதவுக்கு வெளியிலிருந்து தொடங்க வேண்டும். செகிரோவில் ஒழுங்காக நிறுத்திவைக்கலாம். தனி அறை இல்லாத வீடுகளில் இது சின்ன விஷயம் இல்லை.

டார்க் சோல்ஸ்: இடத்தைப் படிக்கிறவர்களுக்கு

2011-இல் வந்தது. இன்று வாங்கினால் 2018-இல் வந்த, மெருகேற்றிய ரீமாஸ்டர்ட் பதிப்புதான் கிடைக்கும். 2021-இல் கோல்டன் ஜாய்ஸ்டிக் விருதுகளில், எல்லாக் காலத்துக்குமான கேம் எது என்று வாசகர்களிடம் கேட்டபோது இதுதான் வென்றது.

தொடக்கத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு சிறை அறையில் கிடக்கிறீர்கள். கூரை ஓட்டை வழியாக யாரோ ஒரு பிணத்தைத் தள்ளிவிடுகிறார்கள். அதில் சாவி இருக்கிறது. கையில் உடைந்த வாளின் பிடி மட்டும். முற்றத்தைக் கடந்து பெரிய கதவைத் தள்ளினால், உள்ளே யானை அளவுக்கு ஒரு அரக்கன் குதித்து இறங்குகிறான். பத்தில் ஒன்பது பேர் அந்த வாள் பிடியால் அவனைக் குத்திப் பார்த்துச் சாவார்கள். மறுபடி போய், மறுபடி சாவார்கள். எப்போதோ ஒரு தடவை பதறி ஓடும்போது, இடப்பக்கம் ஒரு சின்ன வாசல் திறந்திருப்பது கண்ணில் படும். அதற்குள் ஓடினால் பின்னால் கம்பிக் கதவு விழும், அரக்கன் வெளியே. அந்தப் பக்கம் கேடயம், வாள், உயிர் நிரப்பும் குடுவை எல்லாம் ஒவ்வொன்றாகக் கிடைக்கும். சுற்றிக்கொண்டு மாடிக்கு ஏறினால், அதே அரக்கனின் தலைக்கு நேர் மேலே நிற்பீர்கள். குதித்துக் குத்தினால் அவன் உயிரில் பெரிய துண்டு ஒரே அடியில் போய்விடும்.

ஓடுவது அவமானம் இல்லை, சண்டைக்கு முன் சுற்றுமுற்றும் பார் என்பதை யாரும் உபதேசம் செய்யாமல் அரை மணி நேரத்தில் பழக்கிவிடுகிறார்கள். மீதி ஐம்பது மணி நேரமும் அந்தப் பாடத்தின் விரிவுதான்.

அடுத்து வருவது ஃபயர்லிங்க் ஆலயம், ஊரின் நடுத்தெரு மாதிரி ஓர் இடம். அங்கிருந்து வழிகள் பிரிகின்றன. மேலே ஏறினால் சரியான பாதை. கல்லறைப் பக்கம் போனால் எலும்புக்கூடுகள் பந்தாடும். கீழே இறங்கினால் வாள் வீச்சே படாத ஆவிகள். எது சரி என்று யாரும் நேரடியாகச் சொல்ல மாட்டார்கள். நான் கல்லறைப் பக்கம் போய் மூன்று மாலைகளைத் தொலைத்தேன். இதுதான் பாதை, எனக்குத்தான் ஆடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு.

இந்த உலகம் ஒன்றுக்குள் ஒன்று பின்னப்பட்டது. முதல் பாதியில், ஓரிடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவும் மந்திர வசதி கிடையாது. காலால் நடந்து போக வேண்டும். அதனால் ஊர் மனப்பாடமாகிவிடும். பல மணி நேரம் முன்னேறி வெகுதூரம் வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, ஒரு தேவாலயத்துக்குள் ஒரு லிஃப்ட். ஏறி நின்றால் அது கீழே இறங்கி எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை இங்கே எழுத மனசு வரவில்லை. நீங்களே இறங்கிப் பாருங்கள்.

தனியாக முடியாவிட்டால், தரையில் எழுதியிருக்கும் ஒரு ஒளிக் குறியைத் தொட்டு இன்னொரு ஆட்டக்காரரை உதவிக்கு அழைக்கலாம். வருபவரோடு பேச முடியாது, சைகை மட்டும். பாஸ் செத்ததும் அவர் மறைந்துவிடுவார். ஒருமுறை பனி கொட்டிய மலைப்பாதை ஏற்றத்தில் கார்கள் வழுக்கி நின்றபோது, பின்னால் வந்த கார் முன்னால் நின்ற காரை முட்டித் தள்ளி மேலே ஏற்றிவிட்டதாம். நின்று நன்றி சொல்லப் போனால் மறுபடி சிக்கிக்கொள்வோம் என்பதால் எல்லோரும் போய்க்கொண்டே இருந்தார்கள். அந்த அனுபவம்தான் டீமன்ஸ் சோல்ஸில் இந்த ஏற்பாட்டுக்கு வித்திட்டது என்று மியாசாகி ஒரு பேட்டியில் சொன்னார். கதையும் அப்படித்தான், துண்டு துண்டாகப் பொருள்களின் விவரக் குறிப்பில் கிடக்கும். சிறுவயதில் வசதியில்லாத வீட்டில் வளர்ந்து, நூலகத்தில் வயதுக்கு மீறிய புத்தகங்களை எடுத்துப் படித்து, புரியாத இடங்களைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொண்டவர் அவர். நம்மையும் அதையே செய்ய வைக்கிறார்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டாம் பாதி அவசரத்தில் முடிந்தது அப்பட்டமாகத் தெரியும். லாஸ்ட் இசாலித் என்ற எரிமலைப் பகுதியில் ஒரே விலங்கை நகலெடுத்து வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். அங்குள்ள பெட் ஆஃப் கேயாஸ் என்ற பாஸை விரும்பும் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இதன் உறவுக்காரர்களை வேகமாகக் கடந்துவிடலாம். இரண்டாம் பாகத்தை (2014) மியாசாகி இயக்கவில்லை, அவர் அப்போது பிளட்போர்னில் இருந்தார். சில நல்ல யோசனைகள் இருந்தாலும் முதல் கேமாக எடுக்க வேண்டாம். மூன்றாம் பாகம் (2016) சண்டை வேகமானது, பாஸ்கள் அருமை, ஆனால் பாதி உணர்ச்சி பழைய பாகத்தை நினைவுபடுத்துவதில் இருக்கிறது. முதல் பாகம் ஆடாதவருக்கு அந்தப் பாதி காற்றோடு போய்விடும். டீமன்ஸ் சோல்ஸை புளூபாயின்ட் நிறுவனம் 2020-இல் பிளேஸ்டேஷன் 5-க்கு மறுபடி உருவாக்கியது. பார்க்க அத்தனை அழகு. அந்தக் கருவி வீட்டில் இருந்தால் யோசிக்கலாம்.

பிளட்போர்ன்: கோபக்காரர்களுக்கு

2015 மார்ச்சில் வந்தது. பிளேஸ்டேஷன் 4-க்கு மட்டும். கணினிக்கு அதிகாரபூர்வமாக வரவே இல்லை. ரசிகர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்து, கேட்பதே ஒரு நகைச்சுவையாகிவிட்டது.

டார்க் சோல்ஸில் எல்லோரும் பெரிய கேடயத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு ஆடினார்கள் அல்லவா, அந்தப் பழக்கத்தை உடைக்கவே செய்த கேம் மாதிரி இருக்கும். இதில் ஒரு மரப்பலகைக் கேடயம் கிடைக்கும். அதன் குறிப்பிலேயே, சோம்பேறித்தனத்தை வளர்க்காதவரை கேடயம் நல்லதுதான் என்கிற பாணியில் ஒரு குத்தல் இருக்கும். இடது கையில் கேடயத்துக்குப் பதில் துப்பாக்கி. கொல்வதற்கு அல்ல, எதிரி ஓங்கும் சரியான கணத்தில் சுட்டால் அவன் தடுமாறி மண்டியிடுவான்.

அடி வாங்கியதும் உயிர்க்கோட்டில் இழந்த பகுதி உடனே மறையாது. சில நொடிகள் வேறு நிறத்தில் தங்கியிருக்கும். அந்த நேரத்துக்குள் எதிரியை அடித்தால், அதில் ஒரு பங்கு திரும்பும். பின்வாங்கினால் போனது போனதுதான். வேறு எந்த கேமிலும் பதற்றத்தில் அடித்துக்கொண்டே போவது தப்பு. இங்கே அதற்குக் கூலி கிடைக்கிறது.

யார்னாம் என்ற அந்த நகரம், விக்டோரியா காலத்து லண்டனைக் கெட்ட கனவில் பார்த்தது போல இருக்கும். இந்த நிறுவனம் செய்த ஊர்களிலேயே சூழல் என்று பார்த்தால் எனக்கு இதுதான் முதலிடம். ஆனால் புதியவருக்கு இரண்டு முட்டுக்கட்டைகள் உண்டு. முதலாவது, ஒரு பாஸை நேரில் பார்க்கும்வரைக்கும் லெவல் ஏற்றவே, அதாவது நம் ஆளின் பலத்தைக் கூட்டவே முடியாது. கிட்டத்தட்ட வெறுங்கையோடு நகரத்தின் முதல் தெருவைக் கடக்க வேண்டும். இரண்டாவது, உயிர் நிரப்பும் ரத்தக் குப்பிகள் டார்க் சோல்ஸ் குடுவை போலத் தானாக நிரம்பாது. கடினமான பாஸிடம் இருபது தடவை செத்தால் குப்பிகள் தீர்ந்துபோகும். பழைய தெருவுக்குப் போய் எளிய எதிரிகளைக் கொன்று சேர்த்துக்கொண்டு வர வேண்டும். ரேஷன் வரிசையில் நிற்பது மாதிரியான வேலை அது. ஒரு நல்ல கேமில் இப்படி ஒரு ஏற்பாடு ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

செகிரோ: அதே ஆளோடு இன்னொரு ஆட்டம்

2019 மார்ச்சில் வந்தது, அந்த ஆண்டு தி கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த கேம். உள்நாட்டுப் போர்கள் ஓயாத சென்கோகு காலத்து ஜப்பான், ஒற்றைக்கை நிஞ்சா. மற்ற கேம்களில் உள்ள தப்பிக்கும் வழிகளை இதில் ஒவ்வொன்றாக அடைத்துவிட்டார்கள். உதவிக்கு யாரையும் அழைக்க முடியாது. வேறு ஆயுதத்துக்கு மாற முடியாது. கடைசிவரை அதே வாள், கூடச் செயற்கைக் கையில் பொருத்தும் சில கருவிகள். டார்க் சோல்ஸில் செய்வதுபோல், போய் இன்னும் பத்து லெவல் ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்பது நடக்காது. பலம் கூட்டும் பொருள்களில் பெரும்பகுதி பாஸ்களையும் குட்டித் தலைவர்களையும் தோற்கடித்தால்தான் கிடைக்கும். ஆக, தோற்ற இடத்தில் தேற வேண்டியது நீங்கள்.

சண்டை வேறு விதம். எதிரிக்கு உயிர்க்கோடு போக நிலைகுலைவுக் கோடு ஒன்று உண்டு. அவன் வாள் நம்மைத் தொடும் கணத்தில் தடுப்புப் பொத்தானை அழுத்தினால், உலோகம் உரசும் தெளிவான ஓசை கேட்கும், பொறி பறக்கும், அவன் கோடு ஏறும். கொஞ்சம் முந்தினால் ஓசை மந்தமாக இருக்கும், ஏறுவது நம் கோடு. நிரம்பினால் ஒரே குத்தில் கதை முடியும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. பின்வாங்கி மூச்சு வாங்கினால் அவன் கோடு மெல்ல இறங்கிவிடும். அதனால் ஒட்டியே நிற்க வேண்டும். கண்ணைவிடக் காது முக்கியம். சத்தத்தைக் குறைத்து வைத்து ஆடினால் நிச்சயம் தோற்பீர்கள்.

கோட்டை உச்சியில் கெனிச்சிரோ என்றொருவன் நிற்கிறான். தொடக்கத்திலேயே நம் கையை வெட்டியவன். இதுவரை கற்றதை எல்லாம் அவன் தேர்வு வைப்பான்: ஈட்டிக்குத்து போன்ற நேர்ப்பாய்ச்சலை மிதிக்க வேண்டும், கீழ்வீச்சைத் தாண்டிக் குதிக்க வேண்டும், இரண்டுக்கும் முன்னால் தெரியும் எச்சரிக்கைக் குறி ஒன்றேதான். எனக்கு ஒன்பது நாள் ஆனது. முதல் நாளில் அவன் வேகம் புயல் மாதிரி இருந்தது. எட்டாம் நாள் அவன் அடுத்து என்ன செய்வான் என்பது விரல்களுக்குத் தெரிந்தது. இத்தனைக்கும் என் லெவலோ வாளோ மாறவில்லை. இந்த உணர்வை அவர்களின் வேறு எந்த கேமும் இவ்வளவு சுத்தமாகக் கொடுத்ததில்லை. கொடுக்காமல் போனால், கேமே உங்களுக்கு அங்கே முடிந்துவிடும். அதையும் சொல்லிவிட வேண்டும்: பாதியில் விட்டவர்கள் என் நண்பர்களில் அதிகம் இதில்தான்.

ஒரு உதவிக்குறிப்பு. பாழடைந்த கோயிலுக்கு வெளியே ஹான்பெய் என்ற சாகாவரம் பெற்ற மனிதர் உட்கார்ந்திருப்பார். எத்தனை முறை குத்தினாலும் எழுந்துவிடுவார், பயிற்சிக்கென்றே இருப்பவர். வெட்கப்படாமல் அரை மணி நேரம் அவரோடு செலவழியுங்கள்.

எல்டன் ரிங்: வேறு பக்கம் போகிறவர்களுக்கு

2022 பிப்ரவரி 25 வெளியீடு. மூன்று வாரத்துக்குள் 1 கோடியே 20 லட்சம் பிரதிகள். 2025-இல் எண்ணிக்கை 3 கோடியைத் தாண்டியது. உலகத்தின் பழங்கதைப் பின்னணியை எழுதியவர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், கேம் ஆஃப் த்ரோன்ஸ் நாவலாசிரியர். இணையத்தில் யாரைக் கேட்டாலும் இதில் தொடங்கு என்பார்கள். காரணமும் நியாயமானதே.

குகையிலிருந்து வெளியே வந்ததும் பரந்த வெளி. தங்க நிறக் கவசத்தில் ஒரு குதிரைவீரன் உலாத்திக்கொண்டிருப்பான். அவனோடு மோதினால் இரண்டு அடியில் சாவு. டார்க் சோல்ஸ் சிறைக்கூட அரக்கனின் அதே பாடம்தான், ஆனால் இங்கே கதவு தேட வேண்டாம், சுற்றிப் போனால் போதும். கோட்டை வாசலில் மார்கிட் என்ற பாஸ் அடித்து விரட்டினால், தெற்கே ஒரு தீபகற்பம் முழுக்க இருக்கிறது. அங்கே பத்து மணி நேரம் சுற்றி, பலமேற்றிக்கொண்டு வரலாம். ஏறிப்போகக் குதிரை உண்டு. கூட நின்று சண்டை போட ஆவிகளை அழைத்துக்கொள்ளலாம், இணையமும் தேவையில்லை. பாஸ் அறைக்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் உயிர்த்தெழும் இடம் இருக்கிறது. தோற்றவர்களுக்கு இந்த நிறுவனம் இதுவரை இவ்வளவு வழிவிட்டதில்லை.

இருந்தும் முதல் கேமாக இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு, பெரும்பாலானவர்களோடு நான் முரண்படும் இடம் இதுதான். இது மிகப் பெரியது. பிரதான பாதையை மட்டும் பிடித்துப் போனாலே ஐம்பது, அறுபது மணி நேரம். எல்லாவற்றையும் பார்க்க நூறைத் தாண்டும். வேலைக்குப் போகிற ஒருவர், தினம் ஒரு மணி நேரம் ஆடினால், மூன்றாவது மாதத்தில் எந்தப் பாதாள அறையில் எதை விட்டோம் என்றே மறந்துவிடும். சின்னக் குகைகளில் அதே பாஸ்களும் திரும்பத் திரும்ப வருகிறார்கள். கடைசிப் பகுதியில் கடினம் திடீரென்று செங்குத்தாக ஏறுகிறது. அதுவரை சுற்றிப் போய்ப் பழகியவர்களுக்கு, சுற்றிப் போக வழியில்லாத அந்த இடம் நியாயமில்லாததாகத் தெரியும். அப்புறம், குதிரையும் தாவலும் பழகிய பின் டார்க் சோல்ஸுக்குத் திரும்பினால் கால் கட்டியது போல இருக்கும். மறு திசையில் போனால் அந்தப் பிரச்சினை இல்லை: ஒவ்வொரு வசதியும் பரிசு மாதிரி இருக்கும்.

நண்பர்கள் எல்லோரும் இப்போது இதைத்தான் ஆடுகிறார்கள், பேசிக்கொள்ள ஆள் வேண்டும் என்றால் மேலே சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு இதையே எடுங்கள். தனியாக ஆடுவதைவிட அது மேல். 2025-இல் வந்த நைட்ரெய்ன் என்ற கிளைக் கேமை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்; அது மூன்று பேர் சேர்ந்து வேகமாக ஓட வேண்டிய ஆட்டம், புதியவருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது.

ஆர்மர்ட் கோர் 6 (2023) பற்றி யாரும் கேட்பதில்லை, அது பாவம். பத்தாண்டு இடைவெளிக்குப் பின் வந்த ரோபோ கேம். செகிரோவில் முதன்மை வடிவமைப்பாளராக இருந்த மசாரு யமாமுரா இயக்கியது, நிலைகுலைய வைக்கும் கோடு இதிலும் உண்டு. பெரும்பாலான பணிகள் இருபது நிமிடத்துக்குள் முடியும். பாஸிடம் தோற்றால் அங்கேயே ரோபோவைக் கழற்றி வேறு கை, வேறு ஆயுதம் பூட்டிக்கொண்டு உடனே மறுபடி மோதலாம். தோல்விக்குக் காரணம் ஆளா கருவியா என்று கணக்குப் போட்டுப் பார்க்கப் பிடிக்கிறவர்கள், இரும்புக்கடைக்குப் போனால் சீக்கிரம் வீடு திரும்பாதவர்கள், இதைத் தைரியமாக முதலில் எடுக்கலாம்.

கடைசியில் அவன் வாங்கியது

என்னைக் கேட்டால் டார்க் சோல்ஸ் ரீமாஸ்டர்ட். சாதாரண கணினியிலும் ஓடும், ஆடி முடிக்கும் நீளம், அதற்குப் பின் எதற்குப் போனாலும் கைகொடுக்கும். பிளேஸ்டேஷன் மட்டும் இருந்து பேய்க்கதை பிடிக்குமென்றால் பிளட்போர்ன். எதில் தொடங்கினாலும் கணினியில் ஆடுபவர்கள் ஒரு கன்ட்ரோலர் வாங்கிக்கொள்ளுங்கள். விசைப்பலகையில் ஆட முடியும் என்று சிலர் சொல்வார்கள், நடந்து திருப்பதிக்குப் போகவும் முடியும்தான்.

அக்கா மகனின் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், சுமாரான ஒரு கிராபிக்ஸ் கார்டு. எல்டன் ரிங்குக்குக் குறைந்தபட்சமே 12 ஜிபி கேட்கிறார்கள், ஆக அது முதலிலேயே அடிபட்டுப் போனது. செகிரோவுக்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி போதும். டார்க் சோல்ஸை வாங்குடா என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்று நாள் கழித்து, கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தின் தள்ளுபடியில் செகிரோ வாங்கிவிட்டதாகச் சொன்னான்.

"ஏன்டா?"

"நீங்க கேரம் பத்திக் கேட்டீங்கள்ல மாமா. நான் அதே ஆளோடதான் ஆடுவேன்."

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. கழுத்தில் பலகை மாட்டிய சங்கிலி அரக்கன் அவனைத் தூக்கி மலையிலிருந்து வீசும் படம், கீழே ஒரு கேள்வி: "மாமா, இதுல ஷீல்டே கிடையாதா?"

குடை ஒன்று இருக்கிறது, அது அப்புறம்தான் கிடைக்கும் என்று பதில் அனுப்பினேன். அந்த அரக்கனுக்கு நெருப்பென்றால் பயம் என்பதைச் சொல்லலாமா என்று யோசித்துவிட்டு, இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்று போனை வைத்துவிட்டேன்.